லயன் வீட்டு ரத்தசோகையும் குன்னூர் எலிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1998-ல் கோத்தகிரிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அந்த வருடம் என் பதிவேட்டில் இருந்த கர்ப்பிணி ஒருவரிடமிருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது. அவர் பெயர் வேண்டாம். வயது 26, இரண்டாவது பிரசவம், ஆறாம் மாதம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண். கொழுந்து பறிக்கும் வேலை.

அன்று அவர் வாசலில் வந்து நின்றபோதே மூச்சு வாங்கியது. அவருடைய லயன், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, எங்கள் நிலையத்துக்கு மேலே இருந்தது. அதாவது அவர் ஏறி வரவில்லை, இறங்கி வந்திருக்கிறார். இறங்கும்போதே ஒருவருக்கு மூச்சு வாங்கினால் விஷயம் சரியில்லை என்று மலையில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிகிறது என்றார். காலில் வீக்கம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க அப்போது எங்களிடம் இருந்தது சாலி முறைதான். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஆசிட் விட்டு, விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சி அதில் ஊத வேண்டும். பத்து நிமிஷம் போனால் பழுப்பாகும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். நல்ல ரத்தம் நிறையத் தண்ணீர் கேட்கும். இவருடையது சில சொட்டிலேயே வெளுத்துவிட்டது. 6.2 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. இரண்டு மாதம் முன்னால் நானே எழுதி வைத்திருந்த அளவு 7.8.

அந்த இரண்டு மாதமும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தேன். பதிவேட்டில் அட்டை எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தது. ஏன் இறங்குகிறது?

"மாத்திரையைத் தினமும் சாப்பிடுறியா கண்ணு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க நர்ஸக்கா. முழுங்கினா குமட்டுது, வெளிக்குக் கறுப்பா போகுது. பயந்து விட்டுட்டேன். அதுக்குப் பதிலா கடையில இரும்பு டானிக் வாங்கிக் குடிக்கிறேன்."

தப்பு என்னுடையது. எத்தனை அட்டை கொடுத்தேன் என்று எழுதினேன், எத்தனை விழுங்கினார் என்று கேட்கவில்லை. மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பு மிச்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. டானிக் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். அதில் இரும்பு இருந்தது. அளவும் மோசமில்லை. இரும்பு குடிக்கிறவருக்கு ரத்தம் ஏறாவிட்டாலும் இந்த வேகத்தில் இறங்கக் கூடாதே?

ரத்தத்தில் தெரிந்தது

குன்னூருக்கு அனுப்பினோம், நானும் கூடப் போனேன். அங்கே இருந்த பெண் டாக்டர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, "சிஸ்டர், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

இரும்பு குறைந்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் சின்னதாக, நடுவில் வெளிறி இருக்கும். படிக்கும்போது அதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே நேர்மாறாக இருந்தது. அணுக்கள் பெரிது பெரிதாக, சில முட்டை வடிவில். நடுவே ஒரு வெள்ளணு. அதன் உட்கரு பொதுவாக மூன்று நான்கு துண்டாக இருக்கும், இதில் ஆறு எண்ணினேன்.

டாக்டர் விளக்கியது இது. ஒரு அணு இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் மரபுப்பொருளைப் படி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும், பி12 வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அணு பிரிய முடியாமல் பருத்துக்கொண்டே போகும். பாதி எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே செத்துப்போகும். இரும்பு எவ்வளவு கொடுத்தாலும் பிரியாத அணுவைப் பிரிய வைக்காது. வயிற்றில் குழந்தை வளரும்போது ஃபோலிக் அமிலத்தின் தேவை ஏறிவிடும். உடம்பில் இருக்கும் இருப்போ நான்கு மாதத்துக்குத்தான் தாங்கும்.

அரசாங்க மாத்திரையில் இரும்போடு அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் இருந்தது. இவர் மாற்றிக்கொண்ட டானிக்கில் அது இல்லை.

சாப்பாட்டை விசாரித்தோம். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும். மதியம் சோறு, ரசம். கருவாடோ முட்டையோ வாரத்தில் ஒன்றிரண்டு நாள். கீரை உண்டு, ஆனால் வேலை முடிந்து வந்து அடுப்பில் ஏற்றிக் குழையக் குழைய வேகவிட்டு, கசப்பு போகட்டும் என்று தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார். ஃபோலிக் அமிலம் தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். 1961-ல் விக்டர் ஹெர்பர்ட் என்ற அமெரிக்க டாக்டர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். எல்லா உணவையும் மூன்று முறை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட்டார். சுமார் நாலரை மாதத்தில் அவருக்கும் இதே ரத்தசோகை வந்தது. எங்கள் லயன் வீட்டு அடுப்பில் அது யாரும் திட்டமிடாமலே நடந்துகொண்டிருந்தது.

சிகிச்சை எளிது. தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், மஞ்சளாகச் சின்ன மாத்திரை. பி12 ஊசியும் சேர்த்தே போட்டார். முட்டை, மீன் சாப்பிடுகிறவர் என்பதால் பி12 குறைவாக இருக்க வாய்ப்பு கம்மி. இருந்தாலும் அதுதான் குறை என்றால், ஃபோலிக் மட்டும் கொடுக்கும்போது ரத்தம் தேறினாலும் நரம்பு கெட்டுக்கொண்டே போகும் என்றார். நாலைந்து நாளில் பசி எடுத்தது. ஏழாம் நாள் தகட்டில் புதிதாய்ப் பிறந்த சிவப்பணுக்கள் கூட்டமாகத் தெரிந்தன. பிறகு இரும்பையும் சேர்த்தார். பிரசவத்தின்போது 10.4.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், "இந்த வியாதியைப் பிரிச்சுக் காட்டின அம்மா எங்க வேலை பார்த்தாங்கன்னு தெரியுமா சிஸ்டர்? நீங்க வர்ற பஸ் சிம்ஸ் பூங்காகிட்ட ஒரு பழைய கட்டடத்தைத் தாண்டுமே, அங்கதான்."

பாஸ்டர் இன்ஸ்டிடியூட். நாய் கடித்தால் ஊசி போடுகிற இடம் என்றுதான் நான் பிறந்ததிலிருந்து கேட்டது. லூசி வில்ஸ் என்ற பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். இந்த ஆய்வின் இரண்டாவது நோயாளிகள் 1928-ல் பம்பாயில் இருந்தவர்கள்.

பம்பாய் நூற்பாலைப் பெண்கள்

லூசி வில்ஸ் 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-ல் தேர்வு எழுதி முடித்தார். பெண் என்பதால் பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்ததே 1948-ல்தான். முதல் உலகப்போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தவர் அங்கே நர்ஸ் வேலை பார்த்தார். (எனக்கு அவர் மேல் ஒட்டுதல் வந்தது இந்த இடத்தில்தான்.) அப்புறம் லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920-ல் டாக்டரானார்.

பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள் என்று இந்திய மருத்துவத் துறையில் இருந்த மார்கரெட் பால்ஃபர் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். அந்த வேலைக்காகத்தான் வில்ஸ் 1928-ல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே பஞ்சாலையில் வேலை செய்த பெண்கள் உட்பட ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் கடும் ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. சிவப்பணுக்கள் பெரிதாக இருந்ததால், மேல்நாட்டில் வயதானவர்களுக்கு வரும் 'பெர்னிஷியஸ் அனீமியா'வோடு சேர்த்து அதையும் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். கிருமியா, கர்ப்பத்தில் ஊறும் விஷமா என்றெல்லாம் சந்தேகப்பட்டார்கள்.

வில்ஸ் கிருமியைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அப்புறம் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று போய்க் கேட்டார். எஸ். என். தல்பாடே என்பவரோடு சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் சாப்பாட்டையும் வாழ்க்கை நிலையையும் கணக்கெடுத்தார். நோய் அதிகம் வந்தது ஏழை முஸ்லிம் பெண்களுக்கு. இருப்பதிலேயே மோசமான சாப்பாடும் அவர்களுடையதுதான். பழம், காய், பால் என்பது பேருக்கு.

கணக்கு ஒத்துப்போகிறது, நிரூபிக்க வேண்டுமே. அதற்குத்தான் 1929 ஏப்ரலில் குன்னூருக்கு வந்தார்.

குன்னூரில் ஆறு மாதம்

குன்னூர் ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அப்போது ஊசி போட வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் கசௌலி வரை போக வேண்டும். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு அந்தச் சாவுக்குப் பிறகுதான் வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. 1918-ல் அதே வளாகத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பத்து வருடத்தில் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமானது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி எங்கள் ஊரில் ஒரு அறையில் பிறந்தது என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

மெக்கரிசனிடம் நூற்றுக்கணக்கில் வெள்ளெலிகள் இருந்தன. இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன, பாலிஷ் அரிசிச் சோற்றை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாடு கடைசிப் பக்கம். வில்ஸுக்கு வேண்டியிருந்த இடம் அதுதான்.

பம்பாய்ப் பெண்கள் சாப்பிட்டதையே எலிகளுக்கு வைத்தார். எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. சினை எலிகள் குட்டி போடுவதற்கு முன்பே செத்தன. ஏ வைட்டமினையும் சி வைட்டமினையும் சேர்த்துப் பார்த்தார், அது தீர்வாக இல்லை. பி வைட்டமின்கள் நிறைந்த ஈஸ்டைச் சேர்த்தார், எலிகள் தப்பித்தன.

எம். எம். மேத்தா என்பவரோடு சேர்ந்து இந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆனால் எலி சோதனையில் ஒரு ஓட்டை இருந்தது. ஆய்வுக்கூட எலிகளிடம் பேன் இருந்தது. எலிப்பேன் பார்டோனெல்லா என்ற கிருமியைப் பரப்பும், அந்தக் கிருமியே ரத்தசோகையைக் கொண்டுவரும். அப்படியானால் எலிகள் வெளுத்தது சாப்பாட்டாலா, பேனாலா?

நான் பார்த்தவரைக்கும் இந்த மாதிரி இடத்தில் பலர் சமாளித்துவிடுவார்கள். முடிவு நமக்குச் சாதகமாக வந்திருக்கிறது, ஈஸ்ட் கொடுத்தால் தேறுகிறது, போதாதா என்பார்கள். வில்ஸ் எலியை நம்பி நிற்கவில்லை. எச். எஸ். பிலிமோரியாவோடு சேர்ந்து குரங்குகளை வைத்துத் திரும்பவும் செய்தார். 1932-ல் அந்த முடிவு வெளியானது: சத்தில்லாத சாப்பாட்டால் குரங்குகளுக்கும் பெரிய அணு ரத்தசோகை வந்தது. இந்தத் தடவை பேன் மேல் பழி போட வழியில்லை.

மேத்தா, தல்பாடே, பிலிமோரியா மூன்று பேரையும் பெயர் சொல்லி எழுதுவதற்குக் காரணம் உண்டு. வில்ஸையே மறந்த உலகம் இவர்களை எண்ணியதே இல்லை.

சப்பாத்தியில் தடவாத மார்மைட்

ரத்தசோகைக்கு அப்போது பெரிய மருந்து ஈரல்தான். அதைக் கண்டுபிடித்த விப்பிள், மினோட், மர்ஃபி மூவருக்கும் 1934-ல் நோபல் கிடைத்தது. ஆனால் ஈரல் சாறு விலை அதிகம், பஞ்சாலைப் பெண்ணுக்கு எட்டாது. வில்ஸ் கையில் எடுத்தது மார்மைட். பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கறுப்பு விழுது, உப்புக் கரிக்கும், இங்கிலாந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். மலிவு.

பம்பாயில் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1931 தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்கிறோமே, அதுதான். படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்குச் சில நாளிலேயே பசி திரும்பியது, இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் பெருகின. 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அவருடைய கட்டுரை இதைத்தான் சொன்னது.

என் பார்வையில் திருப்புமுனை இன்னும் கொஞ்சம் தள்ளி வருகிறது. 1930-களின் பிற்பாதியில் ஈரல் சாற்றை மேலும் மேலும் சுத்தம் செய்து விற்கத் தொடங்கினார்கள். பெர்னிஷியஸ் அனீமியாக்காரர்கள் சுத்தமான சாற்றிலேயே தேறினார்கள். வில்ஸின் நோயாளிகள் தேறவில்லை. சுத்தம் செய்யாத பழைய சாறு கொடுத்தால்தான் தேறினார்கள். அப்படியென்றால் ஈரலில் இரண்டு வேறு பொருள் இருக்கிறது. சுத்தம் செய்யும்போது அதில் ஒன்று வெளியே போய்விடுகிறது. ஒரே பெயரில் கிடந்த இரண்டு நோய்கள் அங்கே பிரிந்தன. சுத்தமான சாற்றில் தங்கியது பி12 என்று பின்னால் தெரிந்தது. வெளியே போன, பெயர் தெரியாத அந்த இரண்டாவது பொருளை 'வில்ஸ் காரணி' என்றார்கள்.

குன்னூர் டாக்டர் ஃபோலிக்கையும் பி12-ஐயும் சேர்த்துக் கொடுத்தாரே, அந்த எச்சரிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெயர் வைத்தவர்கள், செய்து காட்டியவர்

1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் பசலை வகைக் கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம், அதனால் ஃபோலிக் அமிலம். வில்ஸ் காரணி என்றது இதைத்தான். 1945-ல் லெடர்லி நிறுவனத்தில் அதை ரசாயன முறையில் செய்து காட்டிய குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.-க்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோனது, அவரையும் படுக்க வைத்தது. அந்த ஸ்ப்ரூவுக்கும் ஃபோலிக் அமிலம் மருந்து. அதை வாசித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஆய்வுக்கூடமே ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினையும் கொடுத்தது. 1948-ல் சிட்னி ஃபார்பர் அதைக் கொண்டு ரத்தப்புற்று வந்த குழந்தைகளை, தற்காலிகமாகவாவது, மீட்டுக் காட்டினார். அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்தார்.

1991-ல் இன்னொன்று உறுதியானது. குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் போகும் குறை முன்பு ஒரு குழந்தைக்கு இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தாய் ஃபோலிக் அமிலம் எடுத்தால் அது திரும்ப வருவது 72 சதவீதம் குறைகிறது. ஏழு நாடுகளில் 33 இடங்களில் நடந்த சோதனை. பலன் தெளிவாகத் தெரிந்ததும் இடையிலேயே நிறுத்தினார்கள். தண்டுவடம் மூடுவது கருவுற்று 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போயிற்று என்று பெண் எங்களிடம் வருவதற்குள் அந்த 28 நாள் போய்விடுகிறது. ஆகவே கல்யாணமான பெண்களிடம் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதை வழக்கமாக்கினேன். சிலர் வெட்கப்படுவார்கள், மாமியார்கள் முறைப்பார்கள். பரவாயில்லை.

லூசி வில்ஸ் 1964-ல் இறந்தார்.

மலையில் இன்று

நீலகிரியில் இந்த மாத்திரைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இந்த மலைப் பழங்குடியினரின் ரத்தத்தில் சிக்கிள் செல் பண்பைக் கண்டார்கள். இந்தியாவில் அது முதலில் அறியப்பட்ட இடங்களில் நீலகிரியும் ஒன்று. பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இந்த நோயோடு பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் சிவப்பணு 120 நாள் இருக்கும், அவர்களுடையது அரிவாள் போல வளைந்து இரண்டு மூன்று வாரத்தில் உடைந்துபோகும். மஜ்ஜை ஓயாமல் புது அணு செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தினமும் செலவாகிறது. எனவே அவர்கள் தினமும் அதை எடுக்க வேண்டியிருக்கிறது. பந்தலூர் பக்கம் நான் மாற்றலாகிப் போனபோது, முட்டியும் இடுப்பும் வலித்து அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் கேட்பார்கள், இந்த மாத்திரை வலியை நிறுத்துமா என்று. நிறுத்தாது. ரத்தம் மேலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்று சொல்லியே கொடுப்பேன். பொய்யாக நம்பிக்கை கொடுத்தால் வலி வந்த மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

பம்பாயில் ரத்தம் கொடுத்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை. மருத்துவக் கட்டுரையில் நோயாளி பெயர் வருவதில்லை, வரவும் கூடாது. ஆனால் அவர்கள் உடம்பு தேறிய விதத்தை வைத்துத்தான் ஒரு வைட்டமின் இருப்பதே தெரிய வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, பர்தாவுக்குள் இருந்த, ஒரு வேளை பாலுக்கு வழியில்லாத பெண்கள். குன்னூரில் அந்தக் கட்டடத்தின் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வில்ஸை விட அவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

என் லயன் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வருடம் மகள் பிறந்தாள், இரண்டே முக்கால் கிலோ. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம், இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

"இப்பவே அந்த மஞ்சள் மாத்திரையைக் கொடுத்திடுங்க நர்ஸக்கா" என்றார். மகள் பக்கம் திரும்பி, "கீரைத் தண்ணியைக் கொட்டாதடி" என்றார்.